வாசலும் கூடமும்: ஏற்காட்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாள் அலங்காரங்கள் குறித்து ஒரு விமர்சனம்

கார்த்திகை பிறந்தது முதல் தை பிறக்கும் வரையுள்ள நாள்கள் தமிழ்நாட்டு வீடுகள் தம்மை அணிசெய்துகொள்ளும் நாள்களாகும். கார்த்திகையில் அகல்விளக்குகளின் வரிசை. மார்கழியில் மாக்கோலமும் அதன் நடுவே சாண உருண்டையில் நிற்கும் பூசணிப்பூவும். டிசம்பரில் கிறிஸ்தவர் வீட்டு நட்சத்திரம். சேலம், தருமபுரி, கொங்கு வட்டாரங்களில் போகியன்று கூரையிறப்பில் செருகப்பெறும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றாலான காப்பு. இவற்றுள் எதனைக் கிறிஸ்தவர் ஏற்கலாம் என்பது நம் போதகர் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. ஆனால் அக்கேள்வி ஒரு பக்கமாகவே எழுகின்றது. கோலமிடலாமா, காப்புக் கட்டலாமா என்று கேட்கிறோம். நட்சத்திரம் தொங்கவிடலாமா, மரம் நாட்டலாமா என்று எவரும் கேட்பதில்லை. இக்கட்டுரையின் விமர்சனம் கோலத்தின்மீதோ மரத்தின்மீதோ அன்று. ஒன்றைக் கூண்டிலேற்றி, மற்றொன்றை விசாரணையின்றி விடுவிக்கும் நம் மனப்போக்கின்மீதே.

இதனை எழுதுவோனும் அக்குற்றத்திற்கு நீங்கியவன் அல்லன். பல்லாண்டுகளுக்கு முன், சேர்வராயன் மலைத் தோட்டமொன்றில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஒரு குடும்பத்தாரிடம், மார்கழியில் வாசலில் கோலம் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகக் கூறினேன். அவர்கள் கீழ்ப்படிந்தனர். சில நாள்கள் கழிந்து அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டது இதுதான்: “அந்த வீட்டில் ஏதும் துக்கமுங்களா, ஐயா?” கோலமில்லா வாசல் துக்க வீட்டின் வாசல் என்பது தமிழர் அனைவரும் அறிந்த மொழி. மீட்பர் பிறந்தார் என்று அறிவிக்க வேண்டிய நாளில், இங்கே யாரோ இறந்தார் என்று அறிவிக்கும்படி அவ்வீட்டை நான் ஆக்கிவிட்டேன். கூடத்தில் காகிதப் பூக்கள் அணிந்த சிறு மரம் ஒன்று நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அயலார் காண்பது கூடத்தை அன்று, வாசலையே.

அம்மரத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1605ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரத்தார் தம் கூடங்களில் மரம் நிறுத்தி, காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் தொங்கவிட்டதாகக் குறிப்பு உண்டு. அதே நூற்றாண்டிலேயே அந்நகரின் லுத்தரன் இறையியலாரான டான்ஹவர், மக்கள் இறைவார்த்தையை விட்டு இத்தகைய அற்பப் பொருள்களைக் கொண்டு திருநாளைப் போற்றுகின்றனர் என்று கடிந்தெழுதினார். விக்டோரியா அரசியாரின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த பின்னரே இவ்வழக்கம் ஆங்கிலேயர் இல்லங்களில் வேகமாகப் பரவியது. பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரமோ, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மொரேவியச் சகோதரர் பள்ளியொன்றில் வடிவியல் பயிற்சியாகச் செய்யப்பட்டது. இவை அப்போஸ்தலர் காலத்து மரபுகள் அல்ல. ஒரு மண்ணின் மக்கள் தம் குளிர்காலத்தில் தம் கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு தம் மகிழ்ச்சியைக் கூறிய முறைகள்.

சீர்திருத்தச் சபைகளின் வழிவந்தோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்து பிறப்புத் திருநாளையே நீக்கியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதனைக் கொண்டாடியோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1827இல் சேலத்தில் பணி தொடங்கிய இலண்டன் மிஷனில் முதன்மை பெற்றிருந்த சபையாட்சி மரபினர், அத்தூய்மைவாதிகளின் வழித்தோன்றல்களே. அவர்கள் மரபும் ஆங்கிலிக்கன் மரபும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயின. பாட்டன் விலக்கியதைப் பேரன் கிறிஸ்தவ அடையாளமாகக் கொண்டதில் தவறில்லை. ஆனால் அவன் தன் அயலான் வாசலைப் பார்த்து “அஞ்ஞான வழக்கம்” என்று கூறும்போது சற்று நாணுதல் தகும்.

மரத்தை எதிர்ப்போர் எரேமியா 10ஆம் அதிகாரத்தை எடுத்தாள்வர். காட்டில் வெட்டிய மரத்தை வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதை அங்கே தீர்க்கர் நகையாடுவது உண்மையே; ஆயின் அவர் கூறுவது தச்சன் செய்யும் வணக்கச் சிலையை. நெகேமியா 8ஆம் அதிகாரமோ, மலைக்குப் போய் இலை தழைத்த கிளைகளைக் கொண்டுவந்து வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் கூடாரமிடுமாறு மக்களை ஏவுகின்றது. கிளை ஒன்றே, அது எதற்காக நிற்கின்றது என்பதே வினா. பழந்திருச்சபையிலும் இவ்விரு குரல்கள் உண்டு. கிறிஸ்தவர் வாயில்களில் புறச்சமயத்தார் வாயில்களைக் காட்டிலும் மிகுதியான விளக்குகளும் தழைமாலைகளும் தொங்குவதைத் தெர்த்துல்லியன் வன்மையாகக் கண்டித்தார். 601இல் கிரகோரியார், ஆங்கிலேயர் நடுவே பணிசெய்யச் சென்ற மெல்லித்துவுக்கு எழுதிய கடிதத்தில், ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தலிட்டு மக்கள் விருந்துண்ண இடங்கொடுத்தார். தெர்த்துல்லியன் காலத்து விளக்கு பேரரசனுக்குரிய வணக்கமாயிருந்தது. கிரகோரியார் காலத்துப் பந்தல் அன்று பிறந்த சபையின் முதல் மொழியாயிருந்தது. எனவே இருவருமே நமக்கு வேண்டியவர்கள்.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொணர்ந்த மலை இது. காப்பிக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவினின்றும் வந்தது. டிசம்பரில் சிவக்கும் பாயின்செட்டியா மெக்சிக்கோவினின்றும் வந்தது. வந்தவை அனைத்தும் இம்மண்ணில் வேரூன்றியுள்ளன. வந்தது என்பதனாலேயே ஒன்றைத் தள்ளுதல் இயலாது. ஆயினும் திருநாள் வரும் காலம் காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதை நாம் மறத்தலாகாது. பங்களாவின் கூடத்து மரமும், பழம் பறிக்கும் கையுடையோர் வாழும் லைன் வீட்டின் வாசலும் ஒரே மலையில் உள்ளன. பங்களாவின் அலங்காரத்தை மட்டும் “கிறிஸ்தவம்” என்று கற்பித்தோமாயின், நாம் கற்பிப்பது நற்செய்தியன்று. ஒரு வாழ்க்கைத் தரத்தையே. கடைவீதியில் வாங்கிய பிளாஸ்டிக் மரத்தையும் மின்விளக்குச் சரத்தையும் கடன்பட்டேனும் ஏற்ற வேண்டும் என்று ஒரு தொழிலாளி எண்ணுவானாயின், அவ்வெண்ணத்தை விதைத்தோர் யார்?

அதனால் கோலமும் காப்பும் மாசற்றவை என்று வாதிடுவோர் அல்லோம். கோலமிட்ட வாசலைக் கடந்து உள்ளே வரத்தக்கவர் யார், வெளியே நிற்க வேண்டியவர் யார் என்று சாதி வரையறுத்த ஊர்கள் பல. காப்பினுள் தீயது அணுகாது என்னும் நம்பிக்கை உண்டு. காப்பவர் கர்த்தர், தழை அன்று என்று போதகர் தெளிவாகக் கூறவேண்டும். ஆயினும் யாத்திராகமம் 12இல் ஈசோப்புக் கொத்தைக்கொண்டு நிலைக்கால்களில் அடையாளமிட்ட மக்களின் கதையைக் காப்புக் கட்டும் குடும்பத்தாரினும் விரைவில் விளங்கிக்கொள்வோர் யார்? தழையைப் பிடுங்கி எறிவதைக் காட்டிலும், தழையிலிருந்து தொடங்கி மீட்பின் வரலாற்றைச் சொல்லுதல் கடினமான பணி. ஆயின் அதுவே போதகப் பணி.

ஆகவே எந்த அலங்காரத்தையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம். அயலார் அதைக் கண்டு நம் மகிழ்ச்சியை அறிந்துகொள்வாரா? சபையின் மிக ஏழையான வீடும் கடனின்றி அதைச் செய்யக் கூடுமா? நட்சத்திரமும் இச்சோதனைக்கு உட்பட்டதே. காகிதமும் மூங்கில் குச்சியும் கொண்டு பிள்ளைகள் கட்டும் நட்சத்திரம் இதில் தேறும். ஒரு கைப்பிடி அரிசிமாவில் எறும்புக்கும் உணவிட்டு, வருவோர் அனைவரையும் வரவேற்கும் கோலம், சாதி எல்லையைத் துடைத்தபின், மிக நன்றாகத் தேறும்.

யோவான் 10:22 மாரிகாலத்தில் எருசலேமில் நடந்த பிரதிஷ்டைப் பண்டிகையைக் குறிப்பிடுகின்றது. அதற்கென யூதர் ஏற்றும் விளக்கை வீட்டு வாயிலின் வெளிப்புறத்திலோ தெருவை நோக்கிய சாளரத்திலோ வைக்கவேண்டும் என்பது ரபிமாரின் மரபு. இறைவனின் செயல் வழிப்போக்கருக்கும் தெரியவேண்டும் என்பதே காரணம். நம் ஆண்டவரின் பிறப்பை முதலில் அறிந்தோரும் வெளியே குளிரில் மந்தை காத்தவர்களே. கூடத்து மரம் இருக்கட்டும். ஆனால் வரும் மார்கழியில், முன்பு நான் அழிக்கச் சொன்ன கோலத்தை அவ்வீட்டார் மீண்டும் இடுவார்களாயின், அதன் அருகே நின்று வாழ்த்துக் கூறவே விரும்புகிறேன்.