படத்தின் நடுவில் இருப்பவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, கமுதி வரை எந்தப் பழைய பள்ளி நூற்றாண்டு கொண்டாடினாலும் ஒரு மலர் வெளிவருகிறது. அமைச்சர் வாழ்த்தும் ஆயர் வாழ்த்தும் நகைக்கடை விளம்பரமும் முடிந்தபின் ஒரு துரை வருவார். தொப்பி, தாடி, பக்கத்தில் துரைசாணி. பாஸ்டனில் கப்பலேறினார், கரிசல் வெயிலில் மாட்டுவண்டியில் அலைந்தார், காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்தார், நமக்கு எழுத்தறிவித்தார். எழுதியவர் கண்கலங்கித்தான் எழுதியிருக்கிறார் என்பது வாக்கியத்திலேயே தெரியும். இப்போது இந்தப் பக்கங்கள் கைபேசியிலும் சுற்றுகின்றன. துரைமார் ஊருக்கு எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பெயர்த்துப் போடுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. அவர் என்ன சாப்பிட்டார், எந்தத் தோப்பில் கூடாரம் அடித்தார், குதிரைக்குக் கொள்ளு கிடைக்காமல் எப்படித் திண்டாடினார் என்பதெல்லாம் இப்போது நமக்குத் தெரியும்.

அவர் அலைந்தது உண்மை, பிள்ளையை இழந்ததும் உண்மை. ‘எழுத்தறிவித்தார்’ என்ற அந்த ஒரு வினைச்சொல்லில்தான் எனக்கு வழக்கு.

இந்த மோஸ்தரின் மூலபாடம் ஜி.யு. போப்பின் கல்லறைக் கதை. தம்மைத் தமிழ் மாணவன் என்று கல்லில் பொறிக்கச் சொல்லிவிட்டுச் செத்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். 1908-ல் இறந்த போப்பின் கல்லறை ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கல்லில் அப்படி ஒரு வாசகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை நாட்டினார்கள் என்று இருக்கிறது. நம்மவர்கள் சேர்ந்து வைத்த கல் அது. அந்தச் செய்தியே போதுமான அழகு. நாம் அதை விட்டுவிட்டு, இல்லாத வாசகத்தைப் பிடித்துக்கொண்டோம். சரி, மாணவன் என்றே வைத்துக்கொள்வோம். வாத்தியார் யார்? சென்னையில் இராமாநுசக் கவிராயர். ட்ரூ, வின்சுலோ என்ற மிஷனரிகளுக்கும் அவரே ஆசிரியர் என்று இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. போப்பைக் கொண்டாடும் பத்து மேடைகளில் ஒன்றில்கூட அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

கொடுக்கவேண்டிய கடனை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இல்லாவிட்டால் இந்த வறண்ட பூமியில் பெண் குழந்தைகளும், தெருவுக்குள் நுழையவிடாமல் வைக்கப்பட்டிருந்த சாதிகளின் குழந்தைகளும் பலகையில் உட்கார இன்னும் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். 1847-ல், சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாதவர்களுக்கு மிஷன் வேலை இல்லை என்று நின்றார்கள். உபதேசிமார் பலர் போனார்கள், மிஷன் வளையவில்லை. அந்த நெஞ்சுரம் இன்றைய பள்ளி நிர்வாகங்கள் பலவற்றில் கிடையாது. தமிழையும் முறையாகக் கற்றார்கள். மிஷனின் ஜே.எஸ். சாண்ட்லர்தான் 1913-ல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதி வேலைக்கு முதல் பதிப்பாசிரியர். இதையெல்லாம் மறுப்பவன் சோற்றில் உப்பில்லாதவன்.

இனி வினைச்சொல்லுக்கு வருகிறேன். திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலை மிஷனின் ஒரு ஸ்டேஷன். ஹொரேஸ் டெய்லர் என்ற துரை அங்கே நெடுங்காலம் இருந்தார். ஸ்டேஷன் என்றால் பங்களா, வேதக்கோயில், போர்டிங் பள்ளி. அதன் கீழே சுற்றிலும் ஊர் ஊராகச் சிறு சபைகள். ஒரு துரையின் பொறுப்பில் இருபது ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கரிசல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போயாக வேண்டும். மீதி நாட்களை இருபதால் வகுத்துப் பார்த்தால் ஓர் ஊருக்கு ஆண்டில் பதினைந்து நாள்கூடத் தேறாது. அந்த நாட்களிலும் ஞானஸ்நானம், வழக்கு, மருந்து எல்லாம் உண்டு. மிச்ச முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்த ஊரில் மணலில் ‘அ’ போட்டுக் காட்டியது யார்?

உபதேசியார். சில ஊரில் வாத்தியார் என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள். பசுமலையில் 1845 முதல் நடந்த செமினரியிலோ ஸ்டேஷன் போர்டிங்கிலோ படித்துவிட்டு வந்தவர். பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, எண்சுவடி. சாயங்காலம் காட்டு வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கு வாசிப்பு, ஜெபம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். நடுவில் ஊராருக்குக் கோர்ட்டுக் காகிதம் படித்துச் சொல்வது, தாசில்தாருக்கு மனு எழுதுவது. சொந்தச் சாதிக்காரனும் ஊர்ப் பெரிய வீடும் ஒருசேரப் பகைத்த வாழ்க்கை. துரையைத் தொட்டால் கலெக்டர் வரைக்கும் போகும் என்று ஊருக்குத் தெரியும். உபதேசியாரை அடித்தால் எதுவரை போகும் என்பதும் தெரியும்.

அப்படியானால் துரையின் வேலை என்ன? மாதம் ஒருமுறை இவர்களை ஸ்டேஷனுக்கு வரவழைப்பார். கணக்குக் கேட்பார், பைபிள் பாடத்தில் பரீட்சை வைப்பார், சம்பளம் கொடுப்பார். யாரை எந்த ஊருக்கு மாற்றுவது, யாரை நிறுத்துவது என்று தீர்மானிப்பார். 1854 கல்வி அறிக்கைக்குப் பின் சர்க்கார் மானியம் வந்தது. சென்னை மாகாணத்தில் பிள்ளைகள் பரீட்சையில் தேறிய கணக்குப்படி மானியம் கொடுக்கும் முறையும் வந்தது. அந்தப் பணம் வந்து சேர்ந்த பெயர் மேனேஜர். இன்று உதவி பெறும் பள்ளிகளில் தாளாளர் என்கிறோமே, அதுதான். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தம் பாட்டனாரிடம் கேட்டதை என்னிடம் சொன்னார்: “துரை வந்தா பரீட்சை தம்பி, வாத்தியார் வந்தாத்தான் பாடம்.” துரை நல்ல தாளாளராக இருந்திருக்கலாம். இன்றைய தாளாளர்களோடு ஒப்பிட்டால் தெய்வம் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலரில் ‘எங்களுக்கு எழுத்தறிவித்த தாளாளர்’ என்று இன்று யாராவது எழுதினால் ஆசிரியர் சங்கம் சிரிக்காதா?

துரையின் கடிதங்களும் இந்த விஷயத்தில் உதவாது. அமெரிக்காவில் இருக்கும் சபையார் காசு அனுப்ப வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை அவை. வெயிலும் பாம்பும் கூடாரமும் அதில் இருந்தாக வேண்டும். உபதேசியார் ஆண்டறிக்கையின் கடைசியில் ஓர் அட்டவணையில், உள்நாட்டு உதவியாளர் இத்தனை பேர் என்ற எண்ணாக வருவார். உதவியாளர்! தினமும் பாடம் சொன்னவன் உதவியாள். மாதம் ஒருமுறை சம்பளம் எண்ணிக்கொடுத்தவர் ஆசிரியர். அந்தக் கணக்கை அவர்கள் எழுதியதில் ஆச்சரியமில்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து, அந்த உதவியாளரின் கொள்ளுப்பேரன் உட்கார்ந்து அதே கணக்கைக் கண்ணீரோடு தமிழில் பெயர்க்கிறானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது அந்தக் காலம், வேறு எப்படி இருந்திருக்க முடியும் என்பார்கள். இருந்திருக்க முடியும். மதுரைக்கு ஆள் அனுப்பிய அதே பாஸ்டன் அமெரிக்கன் போர்டு ஜப்பானுக்கும் ஆள் அனுப்பியது. அங்கே 1875-ல் கியோட்டோவில் தோஷிஷா பள்ளியைத் தொடங்கியவர் நீஜிமா ஜோ என்ற ஜப்பானியர். முந்திய ஆண்டு வெர்மான்டில் போர்டின் கூட்டத்தில் எழுந்து நின்று அவரே பணம் கேட்டு வாங்கியிருந்தார். துறைமுக நகரங்களுக்கு வெளியே வெள்ளைக்காரர் நினைத்தபடி குடியிருக்க முடியாத காலம் அது. ஆகவே மிஷனரி ஜெரோம் டேவிஸ் கியோட்டோவில் தங்குவதற்கு, காகிதத்தில் அவர் நீஜிமாவின் பள்ளியில் வேலைக்கு இருப்பவராக வேண்டியிருந்தது. 1876-ல் சப்போரோ விவசாயக் கல்லூரிக்கு வந்த வில்லியம் கிளார்க் தீவிரக் கிறிஸ்தவர். ஜப்பான் அரசு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுத்து வைத்த ஆள். ஏறக்குறைய எட்டு மாதம் கற்பித்தார், போனார். இன்றும் சப்போரோவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1890-களில் தோஷிஷா பாஸ்டன் போர்டோடு சண்டையிட்டு முறித்துக்கொள்ளவும் செய்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; நாம் அடிமை நாடு என்பது உண்மை. பணம் பாஸ்டனிலிருந்துதான் வந்தது என்பதும் உண்மை. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே போர்டு, ஒரே பைபிள், அங்கே வெள்ளைக்கார ஆசிரியரின் அன்றாடம் ஒரு வேலைக்காரரின் அன்றாடம், இங்கே ஓர் எஜமானரின் அன்றாடம். 1987-லிருந்து ஜப்பானியப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அரசுத் திட்டத்தில் போகும் அந்நியர்களில் பெரும்பாலோர்க்குப் பதவிப் பெயரே உதவி ஆசிரியர்.

இரண்டு தேசத்தையும் பார்த்த ஒருவர் நம்மிடம் உண்டு, மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1893-ல் ஜப்பானின் மாட்சுவே நகருக்குப் போனார். உடம்புக்கு ஆகாமல் அடுத்த ஆண்டே கிளம்பினார். அங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1895-ல் புத்தகமாயின. பிறகு திருநெல்வேலி, டோனாவூர்; 1951-ல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அவருடைய நூல்களில் நம் ஊரைப் பற்றிய பார்வை எனக்குப் பல இடங்களில் ஒவ்வாது. இருட்டு என்ற சொல்லை அவர் மிகச் சுலபமாகப் பயன்படுத்துவார். ஆனால் ஜப்பானில் தனக்கு வாயாக இருந்த மிசாகி சான் பெயரைச் சொல்கிறார். டோனாவூரில் உடனுழைத்த பொன்னம்மாளைப் பற்றித் தனி நூலே எழுதினார். முடிந்திருக்கிறது பாருங்கள். எழுத வேண்டும் என்று நினைத்தால் முடியும்.

மிஷனைச் சாராத பள்ளிகளின் மலர்கள் இதில் மேல் என்று நினைக்க வேண்டாம். விருதுநகரில் 1889-ல் வந்த க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பணம் சேர்த்தார்கள். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டியிலும் உறவின்முறை மகமைதான் பள்ளியைத் தாங்கியது. ஒரு துரையும் இல்லாமல் கரிசலில் படிப்பு வளர்ந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த வகை மலர்களிலும் நான் கண்டவரை நடுப்படத்தில் இருப்பவர் மகமை கொடுத்த முதலாளி. துரை போன இடத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். வாத்தியார் இங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறார், கடைசி வரிசையில், பாதி முகம் முன்னால் இருப்பவர் தலைப்பாகையில் மறைந்து.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ஒரு பையன் மதுரையில் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படித்தான். பாடம் படிக்காமல் போனதற்கு, பெய்ன் இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதி வரச் சொன்னார்கள். 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி, இரண்டு முறை எழுதி முடித்து மூன்றாவதற்குப் போனவன் நோட்டைத் தள்ளி வைத்தான். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். ரமணரின் வரலாறு எழுதியவர்கள் திண்டிவனத்துக்கு ரயில் கட்டணம் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா என்பது வரை குறித்து வைத்திருக்கிறார்கள். பள்ளியின் பெயர் இருக்கிறது, இலக்கணப் புத்தகத்தின் பெயர் இருக்கிறது. மூன்று முறை எழுதி வா என்று சொன்ன வாத்தியாரின் பெயரை நான் படித்த எந்த வரலாற்றிலும் இதுவரை காணோம்.