கரடி திரியும் வழி

அகநானூறு 8ஆம் பாடலில் பெருங்குன்றூர்கிழார் கரடி என்ற பெயரையே சொல்வதில்லை. ஈயல் புற்றைத் தோண்டிப் புற்றாஞ்சோறு தின்னும் ஆண் விலங்கு. அதன் நகம் பட்டு உள்ளிருக்கும் பாம்பு வலுவிழக்கும். அவ்வளவுதான். பழனிமலைக் காட்டில் விறகு பொறுக்கும் திண்டுக்கல் பக்கத்துப் பெண்களுக்கு அந்த நகத்தை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நள்ளிரவும் நமக்குக் கடினமில்லை தோழி என்கிறாள் தலைவி, மின்னல் வெளிச்சத்தில் நனைந்த கூந்தலைப் பிழிந்துகொண்டு நடக்கும் நம்மிடம் வழி தெரியுமா என்று கேட்க ஒருவர் கிடைத்தால். தலைவன் மறைவில் நின்று கேட்கிறான் என்பது பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்த குறிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு, திருமணத்துக்கு நெருக்குகிறாள் என்று வகுப்பறையில் முடித்துவிடுகிறோம். பாட்டில் கல்யாணப் பேச்சே இல்லை. கரடி, பன்றியை இழுத்துப்போகும் புலி, சேற்றில் சிக்கிய களிறு என்று வழியை முழுக்க அறிந்த ஒருத்தி கிளம்பத் தயாராக நிற்கிறாள்.