சிப்பாயின் ரத்தம் யாருக்குச் சாட்சி?

லிட்டருக்கு 35,056 யூனிட். கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவு இது. நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தில் அது பெரும்பாலும் 200ஐச் சுற்றியோ அதற்குக் கீழேயோ இருக்கும். தெருமுனை ஆய்வுக்கூடத்தின் தாளில் 35,000 என்று அச்சாகி வந்தால், அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்து, சலைன் ஏற்றி, சிறுநீரகம் கெடாமல் காக்கப் பார்ப்பார்கள். ஆனால் அந்த எண் அமெரிக்கத் தரைப்படையின் அடிப்படைப் பயிற்சியில் இருந்த ஒருவருடையது. 499 பேரிடம் பயிற்சியின் தொடக்கத்திலும், 3, 7, 14ஆம் நாட்களிலும் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. ஏழாம் நாள் சராசரி 1,226. இயல்பின் மேல் எல்லையைப்போல் 5 மடங்கைத் தாண்டினால் தசைச் சிதைவு நோய் என்று சந்தேகிப்பது மருத்துவ வழக்கம். அந்தக் கணக்குப்படி பாளையத்தில் பெருங்கூட்டமே நோயாளி ஆகியிருக்க வேண்டும். உண்மையில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. எல்லையை 5 மடங்கிலிருந்து 50 மடங்குக்கு உயர்த்துங்கள் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எல்லைக்கோட்டைப் பத்து மடங்கு தள்ளிப் போடச் சொல்லும் ஒரு சோதனையை எந்த அளவுக்கு நம்புவது? புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களின் களைப்பை ரத்தத்தில் தேடும் வழக்கம் அரை நூற்றாண்டாக நடக்கிறது. 1976இலேயே அமெரிக்காவில் 337 புதுச் சிப்பாய்களைச் சோதித்து, பயிற்சியின் முதல் ஆறு நாட்களில் ஐந்தில் இருவரின் ரத்தத்தில் தசைப் புரதமான மயோகுளோபின் கசிந்திருப்பதைக் கண்டார்கள். அதன் பிறகு நொதியிலிருந்து ஹார்மோனுக்கும், ஹார்மோனிலிருந்து அழற்சிப் புரதங்களுக்கும் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. இந்தத் தேடல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கிடைத்த பதிலை எந்தக் கேள்விக்கு உரியதென்று நினைக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

இந்த வழக்கத்துக்குச் சாதகமான வாதம் வலுவானது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு வீரரிடம் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று பயிற்றுநர் கேட்டால் ஓரளவு உண்மையான பதில் கிடைக்கும். அந்த வாய்மொழி ரத்தச் சோதனைகளைவிட நன்றாகவே பயிற்சிச் சுமையைக் காட்டுகிறது என்று 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் முடிவுசெய்தார்கள். பாளையத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: "நன்றாக இருக்கிறேன், சார்ஜென்ட்!" முடியவில்லை என்றால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கும் அடுத்த அணிக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். கூட இருப்பவர்கள் முன்னால் சிறுமைப்படுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. 2022 பிப்ரவரியில் கலிபோர்னியாவில், அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவுத் தேர்வில் 'நரக வாரம்' என்றே பெயர் பெற்ற வாரத்தை முடித்த ஓர் இளைஞர் சில மணி நேரத்தில் நிமோனியாவால் இறந்தார். வாய் திறந்து முறையிடாத மரபு உயிர்வரை போகும். அத்தகைய இடத்தில், பயத்தாலும் பெருமையாலும் மாறாத ஒரு சாட்சி தேவை என்று மருத்துவர்கள் எண்ணியது நியாயமே.

அந்தச் சாட்சி நன்றாகப் பேசிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மலை, சதுப்பு, பாலைவனம் என்று அலைக்கழித்த அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பள்ளியில், 1990களின் தொடக்கத்தில் நேட்டிக் நகரிலுள்ள தரைப்படைச் சூழல் மருத்துவ ஆய்வு நிறுவனத்தார் இரண்டு அணிகளைப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மாதப் பயிற்சி. இரவுத் தூக்கம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. செலவாகும் ஆற்றலைவிட உண்பது நாளுக்குச் சுமார் 1,000 கலோரி குறைவு. முதல் அணியினர் உடல் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை இழந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் விரை நீக்கப்பட்டவர்களின் அளவுக்கு விழுந்தது. தைராய்டு ஹார்மோன் இறங்கியது. உடல் வளர்ச்சியோடும் பழுதுபார்ப்போடும் தொடர்புடைய ஐஜிஎஃப்-1 பாதிக்கும் கீழே போனது. இவர்கள் பட்டினி கிடந்த அகதிகள் அல்லர், படையிலேயே தேர்ந்தெடுத்த கட்டுடல்காரர்கள். இடையில் சில நாள் வயிறாரச் சாப்பிடக் கிடைத்ததும் ஹார்மோன்கள் மளமளவென்று ஏறின. அதாவது பெரும் குற்றவாளி பசி. இரண்டாம் அணிக்கு உணவைச் சற்றே கூட்டினார்கள். எடை இழப்பு குறைந்தது, தொற்றுநோய்களும் குறைந்தன, பயிற்சியின் கடுமை மட்டும் குறையவில்லை. வீரத்துக்குப் பட்டினி அவசியம் என்று நம்பிய அதிகாரிகளிடம் ஒரு மருத்துவர் வாதிட்டு வென்றிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். எண்கள் அதைச் செய்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் எந்தத் தனிச் சிப்பாய்க்கும் 'நீ களைத்துவிட்டாய்' என்று ரத்தம் தீர்ப்புச் சொல்லவில்லை. குற்றக் கூண்டில் நின்றது பாடத்திட்டம்.

தனி ஆளிடம் போகும்போதுதான் கால் தடுமாறுகிறது. கிரியாட்டின் கைனேஸையே எடுத்துக்கொள்வோம். தசை நாரின் உறை கிழியும்போது வெளியே கசியும் நொதி அது. உடற்பயிற்சி முடிந்த கையோடு உச்சம் தொடாது, ஓரிரு நாள், சில சமயம் மூன்று நான்கு நாள் கழித்தே தொடும். தசை கனத்தவருக்கு அதிகம். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஓய்வு நிலையிலேயே அதிகம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தசை பழகிவிடும். முதல் வாரத்தில் ஆயிரங்களில் ஏறிய எண், எட்டாம் வாரத்தில் அதே பயிற்சிக்கு அசையாமல் கிடக்கும். அந்த எட்டாம் வாரத்தில்தான் சிப்பாய் உண்மையிலேயே நைந்துபோயிருப்பார். முதல் வார உற்சாகி நோயாளியாகவும், கடைசி வார நடைப்பிணம் ஆரோக்கியசாலியாகவும் தாளில் தெரிவார்கள். கடும் உழைப்பில் தசையில் உருவாகும் லாக்டேட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: ஓடி முடித்து ஒரு மணி நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வாரக்கணக்கில் சேரும் களைப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஹார்மோன்களின் கதை இன்னும் சிக்கல். டெஸ்டோஸ்டிரோனுக்கும் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலுக்கும் உள்ள விகிதம் 30 விழுக்காடு விழுந்தால் மிகைப் பயிற்சி என்று 1986இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு விதியை முன்வைத்தார்கள். நினைவில் வைக்க எளிது, பாடநூல்களுக்கு ஏற்றது. ஆனால் இரண்டுமே விடியலில் உயர்ந்து மாலையில் தாழ்பவை. முந்தின இரவு காவல் முறையில் விழித்திருந்தவரிடமும், படுத்து உறங்கியவரிடமும் ஒரே நேரத்தில் ஊசி குத்தினாலும் அளப்பது ஒன்றாகாது. கார்ட்டிசாலுக்கு இன்னொரு குணம்: நெடுநடையில் கால் வலிப்பதற்கும், முகத்துக்கு நேரே ஒருவர் கத்துவதற்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. அடிப்படைப் பயிற்சியின் முதல் நாட்களில் கத்தலுக்கா பஞ்சம்? பயிற்சி தாங்காமல் விலகிப்போனவர்களின் ரத்தம் கடைசி வாரக் கணக்கில் இருப்பதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாக்குப்பிடித்தவர்களை மட்டும் அளந்துவிட்டு 'உடல் பழகிக்கொண்டது' என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் எளிதாக நேரும் பிழை.

அதே பின்லாந்தில், கட்டாயப் படைப்பணிக்கு வந்த 57 இளைஞர்களை எட்டு வாரம் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. மூன்றில் ஒருவர் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டார் என்றார்கள். நேர்மையான ஆய்வு, ரத்தக் குறிகளில் சில அந்தப் பிரிவினரிடம் வேறுபட்டதும் உண்மை. ஆனால் யார் எல்லை தாண்டியவர் என்பதை முதலில் எப்படி முடிவுசெய்தார்கள்? தாங்குதிறன் குறைந்ததா, நடையின்போது எவ்வளவு கடினமாகத் தோன்றியது, உடல் களைப்பைப் பற்றிக் கேள்வித்தாளில் என்ன எழுதினார், எத்தனை நாள் நோய் விடுப்பு என்பவற்றை வைத்து. அதாவது சிப்பாய் சொன்னதையும், அவர் கால்கள் சொன்னதையும் வைத்து. வாய்மொழியை நம்ப முடியாது என்றுதான் ரத்தத்திடம் போனோம். ரத்தம் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வாய்மொழியிடமே திரும்பி வருகிறோம். தங்கத்தை உரைக்கும் கல்லைத் தங்கத்தாலேயே சோதிப்பதுபோல. களைப்புக்கென்று தனியான ஓர் உயிர்வேதிப் பொருள் கண்டறியப்படாதவரை இந்தச் சுழலிலிருந்து எவருக்கும் விடுதலை இல்லை.

ஒரு சோதனை எப்போது உருப்படியாகிறது? எண்ணுக்கு எதிரே ஒரு மருந்தோ மாற்றமோ இருக்கும்போது. இரும்புச்சத்து இதற்கு நல்ல சான்று. அடிப்படைப் பயிற்சியில் பெண் சிப்பாய்களின் இரும்பு இருப்பு வாரத்துக்கு வாரம் சரிகிறது என்பதை ரத்தம் காட்டியது. 2009இல் வெளியான சோதனையில் 219 பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை சரிவை மட்டுப்படுத்தியது. ரத்தசோகையோடு வந்தவர்களின் ஓட்ட நேரம் மேம்பட்டது, மனச் சுறுசுறுப்பும் கூடியது. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினில் கவர்ச்சி எதுவும் இல்லை, மாநாட்டில் கைதட்டல் வாங்காது. ஆனால் குறைந்திருந்தால் என்ன செய்வது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு எதிர்த்திசையில், ரத்தம் ஆளின் மேல் முத்திரை குத்தும்போது என்ன ஆகிறது என்பதை அரிவாளணுக் கூறின் வரலாற்றில் பார்க்கலாம். அந்த மரபுக்கூறு உள்ள கறுப்பினச் சிப்பாய்கள் பயிற்சியில் திடீரென இறக்கும் வாய்ப்பு பல மடங்கு என்று 1987இல் ஓர் ஆய்வு அச்சுறுத்தியது. 2016இல் 47,944 கறுப்பினச் சிப்பாய்களின் பதிவுகளைப் பார்த்தபோது தசைச் சிதைவு வாய்ப்பு 54 விழுக்காடு கூடுதலாக இருந்தது, இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. இடைப்பட்ட காலத்தில் தரைப்படை தண்ணீர், ஓய்வு, வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குதல் ஆகியவற்றை அனைவருக்கும் விதியாக்கியிருந்தது. முத்திரை செய்ய முடியாததை விதி செய்திருக்கலாம் என்றே நான் வாசிக்கிறேன்.

ஒரு துளி ரத்தம்கூட எடுக்காமல் நடந்த திருத்தமும் உண்டு. இஸ்ரேலியப் படையில் 1983இல் பின்தொடரப்பட்ட காலாட்படைப் புதியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு எலும்பில் களைப்பு முறிவு வந்தது. காலணி, உள்ளங்கால் அட்டை, மருந்து என்று கால் நூற்றாண்டு முயன்றார்கள். பெரும் பலன் தந்தவை இரண்டு: இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கண்டிப்பாக்கியது, மொத்த நடைத் தொலைவைக் குறைத்தது. முறிவுகள் 60 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தன. ஊசி, குளிர்பெட்டி, ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடிகாரமும் அதை மதிக்கும் அதிகாரியும் போதுமாயிருந்தது. இரண்டாவது எளிதில் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, முடிவுத் தாள் யார் மேசைக்குப் போகிறது? படையில் புதிதாகச் சேர்ந்தவரின் சம்மதம் என்பது சற்றே நெளிவான பொருள். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கை நீட்டும்போது ஒருவர் மட்டும் மடக்கிக்கொள்ள முடியாது. பெயரோடு எண்கள் கட்டளை அதிகாரிக்குப் போனால், குறைந்த டெஸ்டோஸ்டிரோன் அடுத்த நாளே 'தேறாதவன்' என்ற பொருளைப் பெறும். கிரியாட்டின் கைனேஸ் அதிகம் காட்டியவர் சோம்பேறிகளின் பட்டியலில் சேருவார், அது குறைவாகக் காட்டியவர் மேலும் முடுக்கப்படுவார். வாய் மூடிக் கிடந்த சிப்பாயைக் காக்க வந்த சோதனை அவரைக் காட்டிக்கொடுக்கும் சோதனையாகிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. இரும்புச் சோதனை பயிற்சியின் தொடக்கத்தில் இருக்கட்டும். சிறுநீர் கறுத்து, தசை வீங்கி வருபவருக்குக் கிரியாட்டின் கைனேஸ் பார்ப்பது மருத்துவரின் கடமை. நன்றாக இருப்பவர்கள் அனைவருக்கும் பார்ப்பது வீண் செலவும் வீண் பீதியும். ஹார்மோன்களை அளக்க விரும்பினால் பெயரில்லாமல், அணி முழுவதற்குமாக, பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் பின்னும் அளந்து, அந்த எண்ணைக் கொண்டு பாடத்திட்டம் எழுதியவரைக் கேள்வி கேளுங்கள். பெயருடன் கூடிய முடிவை மருத்துவரைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. அந்த உறுதியைக் கொடுக்க முடியாத பாளையம் ரத்தம் எடுக்காமலேயே இருக்கலாம்.