சாத்தனார் காட்டும் செய்குன்றும் சிறையும்

மணிமேகலையின் 19ஆம் காதையில் சோழன் மாவண்கிள்ளி தேவி சீர்த்தியுடன் உலாவும் சோலையை மரபு வருணனையென்று கடந்து செல்வாருளர். அது பொருந்தாது. எந்திரக்கிணறு, கல்லிட்டு உயர்த்திய குன்று, வீழருவி, நீரைக் கரந்துவைத்த கேணி, ஒளிந்துறையும் இடங்கள், பளிக்கறை என இவற்றை மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் அடுக்கிக் கூறுகின்றார். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலநாட்டுப் பெயின்சில் தோட்டத்தில் சார்லசு ஆமில்டன் படிகம் பதித்தெடுத்த செயற்கைக் குகை இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது. (அவர் கடன்பட்டு 1773இல் அத்தோட்டத்தை விற்றமை வேறு செய்தி.)

சாத்தனார் விளையாட்டிடங்களைக் கூறியமைந்தாரல்லர். மன்னன் இங்ஙனம் திரிந்து மகிழ்கையில், அவன் நகரத்துச் சிறைக்கோட்டத்தில் அடைபட்டோர்க்கு மணிமேகலை சோறிடுகின்றாள். அச்செய்தி சோலையினின்று மண்டபம் புக்க மன்னனை எட்டுகின்றது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. ஒளிந்து மகிழும் இடமும் அடைத்து வருத்தும் இடமும் ஒரே காதையில் அமைந்தமை தற்செயலன்று என்பதே எம் கருத்து.

முன்னைக் காதைகளும் இதற்குத் துணைசெய்யும். உவவனத்தில் உதயகுமரன் வரவுகண்டு சுதமதி அவளை மறைத்ததும் பளிக்கறையிலேயே. ஒலியை அடக்கி உருவை வெளிக்காட்டும் அதன் இயல்பை ஆங்குப் புலவர் விளங்கக் கூறுகின்றார். மன்னன் சோலையிலோ அது பெயரளவாய் நிற்கின்றது.