செய்தியும் சட்டமும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

பத்திரிகைக்கு அரசைக் கவிழ்க்கும் ஆற்றல் உண்டென்பதற்கு இலங்கையில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. லேக் ஹவுஸ் நிறுவனத்தைக் கையகப்படுத்த முயன்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு 1964 டிசெம்பரில் ஒரே வாக்கினால் தோற்றது. 1973 இல் அவ்வம்மையாரின் அரசே தனிச்சட்டம் இயற்றி அந்நிறுவனத்தைத் தன் பிடிக்குள் கொணர்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் எடுத்துக்காட்டி, ஊடகமும் அரசும் ஒன்றையொன்று வளைக்க முயல்வன என்று முடிப்பது நம்மவர் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. ஆயின், எந்த மொழி ஊடகம், எவருடைய செவிக்கு என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. வன்னியிலிருந்து நோக்குவோர்க்கு அவையே முதல் வினாக்கள்.

2017 பெப்ரவரி 20 ஆம் நாள் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்தனர். நான்கு நாட்களின் பின் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. சரணடைந்தோர், தடுத்துவைக்கப்பட்டோர் ஆகியோரின் பெயர்ப்பட்டியலை வெளியிடுக என்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. யூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களைச் சந்தித்து ஆவன செய்வதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை.

இதே காலத்திற்றான், இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட வலிந்து காணாமலாக்கலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்துக்குச் சட்டவுருக் கொடுக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தின் முன் வந்தது. யூலையில் நடைபெறவிருந்த விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. இராணுவத்தினரைப் பிறநாட்டு நீதிமன்றங்களுக்குக் கையளிக்கும் சூழ்ச்சி இதுவென்னும் குரல் தெற்கின் ஊடகங்களில் ஓங்கி ஒலித்தது. மகாநாயக்க தேரர்களின் ஆட்சேபம் அதற்கு வலுவூட்டிற்று. அரசோ, சட்டம் எதிர்காலத்துக்கே உரியது, கடந்தகாலத்தைத் தொடாது என்று சமாதானம் கூறியது. 2018 மார்ச் 7 இல் சட்டமூலம் நிறைவேறி, அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. கிளிநொச்சிப் பந்தல் அன்று ஓராண்டைக் கடந்திருந்தது.

ஆக, ஊடகம் சட்டவாக்கத்தை நெருக்கியது உண்மையே. நெருக்கியது பந்தலிலிருந்து புறப்பட்ட செய்தியன்று.

தெற்கின் இனவாதத்தைக் குறைகூறி இவ்விடத்தில் நின்றுவிடல் எளிது. நம் தமிழ்ப் பத்திரிகைகளை நோக்குமிடத்து எனக்கு வேறொரு குறை தோன்றுகின்றது. அன்னையரின் கண்ணீர்ப் படங்களையும் போராட்டத்தின் நாட்கணக்கையும் அவை தவறாது தந்தன. அப்பணியை நான் இழித்துரைக்கவில்லை. அவை இன்றேல் அப்பந்தல்கள் வவுனியா எல்லைக்கு அப்பால் எவருக்கும் தெரிந்திரா. ஆயினும், படங்களுக்குக் கிடைத்த இடத்திற் சிறுபங்கேனும் சட்டமூலத்தின் வாசகத்துக்குக் கிடைக்கவில்லை. காணாமலாக்கப்பட்டவரின் கதி அறியப்படும்வரை அக்குற்றம் தொடர்ந்துகொண்டேயிருக்கின்றது என்பது சர்வதேச சட்டத்தின் நிலைப்பாடு. சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரையும் இத்தொடர்தன்மையைக் கருத்திற் கொள்கின்றது. அவ்வாறாயின், 2009 இல் வட்டுவாகலிற் சரணடைந்த மகனைத் தேடும் தாய்க்கு அது கடந்தகாலக் குற்றமாகுமா? அரசின் சமாதானத்தை மறுக்க வலுவான சட்டவாதம் இதுவே. இவ்வாதம் தலையங்கங்களில் நாள்தோறும் எழுதப்பட்டு, சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டு, வாக்களிக்கும் உறுப்பினரின் மேசையை அடைந்திருக்க வேண்டும். நாமோ தமிழில் அழுது, தமிழரே வாசித்தோம்.