எதிர்க்கட்சிக்கும் மைக் கொடுங்கள்

பி.ஏ. பிலாஸபி படித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அநேகமாக வேறு சீட் கிடைக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தவராக இருப்பார். வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டர் ராதாகிருஷ்ணனே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்தது, உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் சும்மா கிடைத்ததால்தான் என்று சொல்வார்கள். ஓசிப் புத்தகத்தில் ஆரம்பித்தவர் 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர்!

அவர் 1923-லும் 1927-லும் இரண்டு பாகமாக வெளியிட்ட ‘இண்டியன் ஃபிலாஸபி’யைப் படித்துத்தான் பல தலைமுறை மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள். இங்கிலீஷ் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். என் புகார் அதுதான். அதில் யாருக்கும் யாரோடும் தீராத சண்டை இல்லை. நாகார்ஜுனர், சங்கரர், ராமானுஜர் எல்லோரையும், கல்யாண வீட்டில் சம்பந்திகளை சமாதானம் செய்யும் பெரியவர் மாதிரி, தட்டிக் கொடுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிடுகிறார். ஆனால் தத்துவமே அந்தச் சண்டைதானே சார்?

சண்டை பார்க்க வேண்டுமானால் ஹிரியண்ணாவிடம் போங்கள். மைசூர் மகாராஜா கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர். வகுப்பில் பேசியதிலிருந்து உருவான அவருடைய ‘அவுட்லைன்ஸ் ஆஃப் இண்டியன் ஃபிலாஸபி’ 1932-ல் வந்தது. அலங்காரமே கிடையாது. (சைவ சித்தாந்தத்துக்குத் தனி அத்தியாயமும் கிடையாது. இந்த விஷயத்தில் ராதாகிருஷ்ணன் தேவலை.)

கடற்கரையில் ஏதோ பளபளக்கிறது. வெள்ளி என்று குனிகிறீர்கள். வெறும் சிப்பி. என்ன நடந்தது? இங்கே இல்லாத, வேறெங்கோ இருக்கிற வெள்ளியை இங்கே கண்டீர்கள் என்கிறார் நியாயக்காரர். பிரபாகரர் ஒப்புக்கொள்ள மாட்டார். தப்பாக எதையும் பார்க்கவில்லை ஐயா, ‘இது’ என்று பார்த்தாய், ‘வெள்ளி’ என்று ஞாபகம் வந்தது, இரண்டும் வேறு என்பதை கவனிக்கவில்லை, அவ்வளவுதான் என்பார். அத்வைதியோ, அந்த வெள்ளி இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்பார். ஒரு சிப்பிக்கு இத்தனை அமர்க்களமா என்று சிரிக்கலாம். கண்ணால் கண்டதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இங்கே கேள்வி. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவனுக்கும் அதே கேள்விதான். ஹிரியண்ணா ஒவ்வொருவரையும் அவரவர் பலத்தோடு பேச விடுகிறார்.

இது நம் பழைய வழக்கம். எதிராளியின் கட்சியை முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டும். பூர்வபட்சம் என்று பெயர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதற்கென்றே ‘பரபக்கம்’ என்று ஒரு பாதியை ஒதுக்கினார். நான் படித்தது பி.காம். டெபிட் ஒன்று எழுதினால் கிரெடிட்டும் எழுதியாக வேண்டும் என்பதால் எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் இந்தச் சண்டை பரீட்சைக்கு வரும்போது ‘சிறுகுறிப்பு வரைக’ ஆகிவிடுகிறது. கைடு இருக்கிறது, மனப்பாடம் இருக்கிறது. எதிர்த்துப் பேச ஆளில்லை. எதிராளியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்கிற மாதிரி சொல்லத் தெரியாத ஒருவருக்கு எதற்கு சார் தத்துவத்தில் பட்டம்?

பாடத்திட்டம் போடுகிறவர்கள் மணிமேகலையின் 27-வது காதையைப் புரட்டலாம். வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன் வேடத்தில் சமயவாதிகள் பத்துப் பேரிடம் போய் ‘உங்கள் கட்சி என்ன?’ என்று கேட்கிறாள். கடைசி ஆள் பூதவாதி. கண்ணால் காண்பதைத் தவிர எதையும் நம்பாதவன். சிரித்துக்கொண்டே மடக்குகிறாள்: உன் அப்பா அம்மா யாரென்று அனுமானத்தால் தவிர வேறு எப்படித் தெரியும்? அதற்கு அவன் என்ன சொன்னான் என்று சாத்தனார் எழுதவில்லை.

வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, ‘நீதான் பூதவாதி, பதில் சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். ‘டி.என்.ஏ. டெஸ்ட் எடுப்பேன் சார்’ என்பான். ‘அந்த ரிப்போர்ட்டும் அனுமானம்தானேடா’ என்பாள் பக்கத்து பெஞ்சுப் பெண். பீரியட் முடிகிற மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சிலபஸ் முடியாதுதான்.