துக்கப் பந்தலில் பிறந்த சங்கீதம்

துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஆலைப் பணியாளரும் நெருங்கி வாழும் வடசென்னையின் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்த் தெருக்களில், ஒருவர் மறைந்த இரவிலே பந்தலடியில் அமர்ந்து, அவருடைய குணநலன்களைச் சரமாகத் தொடுத்து விடியுமட்டும் பாடும் கானாப் பாட்டைக் கேட்டவர்கள், கலைக்கு ஆடம்பரமான அரங்கம் அவசியமில்லை என்பதை உணர்வார்கள். டோலக்கும் புல்புல்தாராவும் துணைநிற்க, அவை கிட்டாதபோது தகர டப்பாவும் தீப்பெட்டியுமே வாத்தியங்களாகிவிட, பாடகர் அக்கணமே பதம் கட்டுகிறார். சூழ்ந்திருப்போர் ஈற்றடியை வாங்கிப் பாடுகிறார்கள். திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரியின்மேல் தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் இயற்றிய இக்கடற்கரையில், எளியவர் குரலும் அவற்றுக்கிணையான ஆத்மார்த்தத்தோடு எழுகிறது. 2017-இல் தோன்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவைப் பெருமேடையில் ஏற்றியது மகிழ்ச்சிக்குரியது. எனினும் கானாவின் ஜீவன், அண்டை வீட்டாரின் துக்கத்தைத் தன் துக்கமாக ஏற்கும் தெருவின் இருதயத்திலேயே வாசம் செய்கிறது.